கிறிஸ்துமஸ் முடிஞ்ச மரத்தை பறவைகளுக்கு எப்படி விடறது

நீங்க கேட்டது மூணு விஷயம். ஜனவரி பொறந்ததும் நிஜ மரத்தை ரோட்டோரம் தூக்கிப்போட மனசு வரல, அதை வீட்டுக்குப் பின்னாடி வெச்சு பறவைகளுக்கு தீனி கட்டலாமா. பீனட் பட்டர் பறவை தொண்டைல ஒட்டி மூச்சடைச்சுடும்னு சொல்றாங்களே, உண்மையா. பாப்கார்ன் மாலையும் ஆரஞ்சும் கட்டி ஒரு வாரமாச்சு, ஒண்ணு கூட எட்டிப் பாக்கலையே, ஏன். மொத ரெண்டுக்கு சட்டுனு பதில் சொல்லிடறேன்: தாராளமா வெக்கலாம், பீனட் பட்டரால ஒண்ணும் ஆகாது. மூணாவதுக்குத்தான் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் இந்த மரத்தை தீனி மாட்டற ஸ்டாண்டா மட்டும் பாக்கறாங்க. பறவைக்கு அது மொதல்ல பதுங்கற இடம், காத்து படாம உக்கார்ற இடம், தீனி அதுக்கப்புறம்தான். இந்த ஒண்ணை பிடிச்சுக்கிட்டீங்கன்னா மரத்தை எங்க வெக்கறது, நிக்க வெக்கறதா படுக்க வெக்கறதா, என்ன கட்டறது எல்லாம் தானா தெளிவாயிடும்.

அமெரிக்காவோட வடக்கு மாநிலங்கள்ல ஜனவரி மாசம் உங்க தோட்டம் ஒரு பறவைக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மேப்பிள், ஓக் எல்லாம் மொட்டையா நிக்குது, செடி எல்லாம் பனிக்கு அடில, புதுசா கட்டின குடியிருப்புன்னா ஒரு ஊசியிலை மரம் கூட இருக்காது. மேல கூப்பர்ஸ் ஹாக், ஷார்ப்-ஷின்ட் ஹாக் ரெண்டும் சுத்துது, ரெண்டுமே சின்னப் பறவைகளைப் பிடிச்சுத் தின்ற பருந்து மாதிரி வேட்டைப் பறவைங்கதான். இந்த நிலைமைல வெட்டவெளில தீனி வெச்சா, நடுரோட்டுல பந்தி போட்ட மாதிரி, யாரு வந்து நிம்மதியா உக்காந்து சாப்பிடுவாங்க.

ராத்திரி இன்னும் மோசம். பிளாக்-கேப்ட் சிக்கடீன்னு ஒரு பறவை, கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி தலை, மொத்த எடையே 11 கிராம் பக்கம்தான். பகல்ல அதோட உடம்புச் சூடு 42 டிகிரி செல்சியஸ் இருக்கும், குளிர் ராத்திரில வேணும்னே அதுல இருந்து ஒரு 10 டிகிரி கூட குறைச்சுக்கும், அப்பதான் உடம்புல இருக்கற கொழுப்பு விடியற வரைக்கும் தாங்கும். பகல் பூரா தின்னு எடைல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு கொழுப்பு சேர்த்து வெச்சுக்கும், ராத்திரியே அத்தனையும் எரிஞ்சு போயிடும், மறுநாள் காலைல திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். காலைல ஃபீடருக்கு, அதாவது நாம மாட்டற தீனித் தொட்டிக்கு வர்ற சிக்கடீயோட வாலைக் கவனிச்சுப் பாருங்க, சிலதுக்கு வால் ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும். ராத்திரி பூரா ஒரு சின்ன பொந்துக்குள்ள இடிச்சுக்கிட்டு தூங்கின அடையாளம் அது. சிக்கடீக்காவது பொந்து கிடைக்கும். ஜங்கோ, கார்டினல், மோர்னிங் டவ் இதெல்லாம் பொந்துல தூங்காது, அடர்த்தியான ஊசியிலைக் கிளைகளுக்கு நடுவுலதான் ராத்திரியைக் கழிக்கும். காத்து உள்ள வராம, மேல இருந்து பனி விழாம, ஒரு ஆறடி ஃபிர் மரம் அதுங்களுக்கு குடுக்கறது அதைத்தான், வெட்டின மரமா இருந்தாலும் ஊசி உதிராத வரைக்கும்.

தீனியால பிரயோஜனமே இல்லன்னு சொல்ல வரல. விஸ்கான்சின்ல 1980கள்ல சிக்கடீகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஃபீடர் இருந்த இடத்துல குளிர்காலத்தைத் தாண்டினது 69 சதவீதம், ஃபீடர் இல்லாத இடத்துல 37 சதவீதம்தான். ஆனா அந்த வித்தியாசம் பெருசா வந்தது மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழ ரொம்ப நாள் போன மாசங்கள்லதான், மத்த மாசங்கள்ல அவ்வளவு இல்ல. ஃபீடர் இருந்தும் அதுங்க சாப்பாட்டுல அஞ்சுல ஒரு பங்குதான் அங்கிருந்து வந்தது, மிச்சத்தை அதுங்களே தேடிக்குச்சு. அதனால நீங்க ரெண்டு நாள் ஊருக்குப் போனா பறவை பட்டினியா செத்துடுமோன்னு பயப்பட வேண்டாம். நல்லா குளிர் அடிக்கற வாரத்துல மட்டும் தீனி தீராம பாத்துக்கோங்க, அது போதும்.

சரி, வெளிய கொண்டு போறதுக்கு முன்னாடி மரத்தை ஒரு தடவை பொறுமையா சோதிங்க, இதை அவசரப்படாம பண்ணணும். டின்சல்னு சொல்ற அந்த ஜிகினா நூல் ஒரு இழை கூட மிச்சமிருக்கக் கூடாது, பறவை காலைச் சுத்திக்கும், இல்லன்னா முழுங்கிடும். அலங்காரம் மாட்டின கம்பிக் கொக்கி, லைட்டோட கிளிப், பிளாஸ்டிக் வலை, எல்லாத்தையும் எடுத்துடுங்க. மேல வெள்ளையா செயற்கைப் பனி அடிச்ச மரம், தீப்பிடிக்காம இருக்க கெமிக்கல் ஸ்ப்ரே பண்ண மரம், ரெண்டையும் பறவைகளுக்கு வெக்காதீங்க, அதை குப்பைக்குத்தான் அனுப்பணும்.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. ஊசியிலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. பழுப்பு நிறத்துல தட்டையா, நீளவாக்குல சின்னச் சின்ன புள்ளியும் பக்கத்துல வெள்ளை மெழுகு மாதிரியும் இருந்தா அது எலாங்கேட் ஹெம்லாக் ஸ்கேல்னு ஒரு பூச்சி. ஜப்பான் பக்கம் இருந்து வந்தது, ஹெம்லாக், ஃபிர், ஸ்ப்ரூஸ்னு மூணு ஊசியிலை மரத்தையும் உறிஞ்சிக் கெடுக்கும். ஃபிரேசர் ஃபிர் மரங்களோட சொந்த இடமான அப்பலாச்சியன் மலைப் பக்கத்துல இந்தப் பூச்சி நல்லா பரவியிருக்கு, வட கரோலினால இருந்து லாரி லாரியா மரமும் மாலையும் மத்த மாநிலங்களுக்குப் போகும்போது கூடவே இதுவும் போகுது. அதனாலதான் விஸ்கான்சின் மாதிரி மாநிலங்கள்ல விவசாயத் துறை இப்படிப்பட்ட மரத்தையும் மாலையையும் தோட்டத்துல போடாதீங்க, காம்போஸ்ட் பண்ணாதீங்க, பையில கட்டி குப்பைல போடுங்கன்னு சொல்றாங்க. உங்க வீட்டுப் பக்கம் ஹெம்லாக் காடு இருந்தா இதை லேசா எடுத்துக்காதீங்க. உங்க மாநிலத்துல என்ன விதின்னு ஒரு தடவை பாத்துக்கிட்டு, உள்ளூர்ப் பண்ணைல வெட்டின மரமா இருந்தா நிம்மதியா வெளிய வைங்க. கதவுல மாட்டின மாலைல ஆரஞ்சு-சிவப்பு நிறத்துல ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட் பழம் இருந்தா அதையும் பறவைக்குக் குடுக்க வேண்டாம், பறவை தின்னு விதையை ஊர் பூரா போட்டுடும், அந்தக் கொடி ஏறின மரம் பொழைக்கறது கஷ்டம்.

இப்ப இடம். பாதி வெற்றி இதுலதான் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். மொதல்ல காத்து. வடக்கு மாநிலங்கள்ல குளிர்காலக் காத்து பெரும்பாலும் வடக்கு, வடமேற்குல இருந்து வரும், அதனால வீட்டுக்கோ வேலிக்கோ தெற்கு இல்ல கிழக்குப் பக்கம் மரத்தை வைங்க, காலை வெயிலும் படும். அதுக்காக வீட்டுச் சுவரை ஒட்டியோ மர டெக் மேலயோ வெச்சுடாதீங்க, காய்ஞ்ச மரம் தீப்பிடிச்சா நிமிஷத்துல கொழுந்து விட்டு எரியும்.

அடுத்தது ஜன்னல். அமெரிக்கால கண்ணாடில மோதி வருஷத்துக்கு 36.5 கோடில இருந்து 98.8 கோடி பறவை வரைக்கும் சாகுதுன்னு 2014ல ஒரு கணக்கு வந்துச்சு, அதுல நிறைய பேர் நினைக்கற மாதிரி உயரமான ஆபீஸ் கட்டிடம் மட்டும் காரணமில்ல, சாதாரண வீட்டு ஜன்னலும் பெரிய பங்கு. தீனி ஒண்ணு ஜன்னலுக்கு 3 அடிக்குள்ள இருக்கணும், இல்ல 30 அடிக்கு அப்பால இருக்கணும். 3 அடிக்குள்ளன்னா பறவை வேகம் பிடிக்கறதுக்கு முன்னாடியே கண்ணாடி வந்துடும், மோதினாலும் அடி பெருசா படாது. நடுவுல 10, 15 அடில வெச்சீங்கன்னா அது பயந்து கிளம்பற வேகம் முழுசா கண்ணாடில போய் இடிக்கும். அந்த மரமே கண்ணாடில பிரதிபலிச்சா பறவை அதையும் நிஜ மரம்னு நினைச்சுப் பறக்கும், அதனால வெச்சதுக்கு அப்புறம் வெளிய போய் நின்னு பறவை உயரத்துல இருந்து ஜன்னலைப் பாருங்க, மரம் தெரிஞ்சா கொஞ்சம் நகர்த்துங்க.

பூனை மூணாவது. வெளிய திரியற பூனைங்க அமெரிக்கால வருஷத்துக்கு 130 கோடில இருந்து 400 கோடி பறவைகளைக் கொல்லுதுன்னு 2013ல வந்த ஆய்வு சொல்லுது, இதுல எனக்கு விட்டுக்குடுக்கற மனசே கிடையாது, உங்க பூனையை உள்ள வைங்க, பக்கத்து வீட்டுப் பூனை வரும்னா மரத்தை வெக்கற இடத்தை அதுக்கேத்த மாதிரி பாருங்க. தீனியும் மறைவும் ஒண்ணா ஒட்டி இருந்தா பூனை மரத்தடில பதுங்கி உக்காந்துடும். ரெண்டுக்கும் ரொம்ப தூரமிருந்தா ஹாக் வரும்போது பறவையால ஓடி ஒளிய முடியாது. 10 அடி இடைவெளிதான் சரியான நடுத்தரம். அதனால நான் சொல்றது, முக்கியமான விதை ஃபீடரை தனியா ஒரு கம்பத்துல மாட்டுங்க, மரத்தை அதுல இருந்து 10 அடி தள்ளி வைங்க, மரத்து மேல கட்டறது கொஞ்சமா கொழுப்பு உருண்டை மட்டும், அதுவும் மார்பு உயரத்துக்கு மேல.

நிக்க வெக்கறதா படுக்க வெக்கறதான்னு கேட்டா, ஒரே மரம்தான் இருக்குன்னா நான் வேலில சாய்ச்சு வைங்கன்னுதான் சொல்வேன். சாய்ச்சு வெச்சா அடில ஒரு கூடாரம் மாதிரி இடம் வரும், அங்க பனி சேராது, தரை தெரியும். ஜங்கோ, ஒயிட்-த்ரோட்டட் ஸ்பேரோ, மோர்னிங் டவ் எல்லாம் தரைல கிண்டித் தின்ற பறவைங்க, தொங்கற ஃபீடர்ல அவ்வளவா உக்காராது. பூனை வராத தோட்டம்னா அந்த சாய்ப்புக்கு அடில ஒரு பிடி வெள்ளை ப்ரோசோ தினையை (நம்ம பனிவரகு) தூவிட்டு உள்ள இருந்து பாருங்க, ஜங்கோ ரெண்டு காலையும் ஒண்ணா சேர்த்து முன்னாடி குதிச்சு அப்படியே பின்னாடி இழுக்கும், பனியும் சருகும் பறக்கும், உடனே குனிஞ்சு ஒரு மணியைக் கொத்தும், திரும்ப குதிக்கும். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, பறக்கும்போது வால் ஓரத்துல ரெண்டு வெள்ளைக் கோடு, லேசா அடையாளம் கண்டுபிடிச்சுடலாம். நிக்க வெக்கணும்னா தரை உறைஞ்சு போயிருக்கும், தோண்ட முடியாது, அதுக்கு ஒரு பெரிய வாளில மரத்தை நிறுத்தி மணலைக் கொட்டி தண்ணி ஊத்தி ராத்திரி வெளிய விட்டுடுங்க, காலைல கல்லு மாதிரி இறுகிடும், அப்புறம் மேல ரெண்டு மூணு பக்கம் கயிறு கட்டி வேலியோட இழுத்துக் கட்டிடுங்க, இல்லன்னா மொத காத்துக்கே விழும். பக்கத்து வீட்டுல மரத்தைத் தூக்கிப்போடறாங்கன்னா கேட்டு வாங்கிக்கோங்க, ரெண்டு இருந்தா ஒண்ணை நிக்க வெச்சு ஒண்ணைப் படுக்க வெக்கறதுக்கு ஈடே இல்ல.

தீனி விஷயத்துக்கு வரேன். பாப்கார்ன் மாலை, கிரான்பெர்ரி மாலை போட்டோல அழகா இருக்கும், ஆனா ஜனவரில உங்க தோட்டத்துக்கு வர்ற பறவைங்கள்ல முக்கால்வாசி அதைத் திரும்பிக்கூடப் பாக்காது, நூல்ல கால் மாட்டற ஆபத்து வேற. ஆரஞ்சும் அப்படித்தான், ராபின், மாக்கிங்பேர்ட் இருக்கற பக்கம்னா வரும், இல்லன்னா உறைஞ்சு கல்லாத்தான் தொங்கும். உங்களுக்கு ஒரு வாரமா ஒண்ணும் வராததுக்கு இதுதான் பாதி காரணம். குளிர்காலத்துல பறவைக்கு வேண்டியது கொழுப்பும் எண்ணெயும். கறுப்பு எண்ணெய் சூரியகாந்தி விதை ஒண்ணை மட்டும் வாங்கினாலே போதும், தோல் மெல்லிசு, உள்ள எண்ணெய் அதிகம், சிக்கடீ, கார்டினல், நட்ஹாட்ச், ஃபிஞ்ச் எல்லாமே தின்னும். சிக்கடீ ஒரு நேரத்துல ஒரே ஒரு விதையை எடுத்துக்கிட்டு மரத்துக்குள்ள ஓடிடும், அங்க கிளைல உக்காந்து விதையை ரெண்டு காலுக்கும் நடுவுல அமுக்கிப் பிடிச்சு அலகால டொக் டொக்குன்னு உடைக்கும், தின்னுட்டு அடுத்ததுக்கு வரும், அந்தப் போக்குவரத்துக்குத்தான் பக்கத்துலயே மரம் வேணும்னு சொல்றேன். விலை கம்மின்னு சிவப்பு மைலோங்கற தானியம் கலந்த மூட்டையை வாங்காதீங்க, வடக்குப் பக்கப் பறவைங்க நிறைய அதைத் தள்ளிவிட்டுட்டு மத்ததைத்தான் பொறுக்கும், கீழ விழுந்தது அழுகி எலியைக் கூப்பிடும்.

மரத்துல கட்டறதுக்கு பைன் காய்தான் நல்லது. மூடின காயா இருந்தா கொஞ்ச நேரம் சூடான இடத்துல வெச்சா இதழ் விரியும். அந்த இடுக்குல பீனட் பட்டரை அடைக்கணும், தனியா இல்ல, ஒரு பங்கு பீனட் பட்டருக்கு நாலு பங்கு சோளமாவு போட்டுப் பிசைஞ்சு. இங்க சோளமாவுன்னு நான் சொல்றது மஞ்சளா கரகரன்னு இருக்கற கார்ன்மீல், சமையலுக்கு சேர்க்கற வெள்ளை கார்ன்ஃபிளார் இல்ல. பீனட் பட்டர் தொண்டைல ஒட்டி பறவை செத்துப் போகுதுங்கறதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, ஆனாலும் மாவு கலந்தா பிசுபிசுப்பு குறையும், செலவும் குறையும், மனசுக்கும் நிம்மதி. உப்பும் சர்க்கரையும் சேர்க்காததா பாருங்க, முக்கியமா சர்க்கரைக்குப் பதிலா சேர்க்கற சைலிடால் போட்டிருக்கான்னு லேபிள்ல தேடுங்க, கீழ விழுந்ததை வீட்டு நாய் தின்னா அது விஷம். உலர் திராட்சையும் நாய்க்கு ஆகாது, நாய் இருக்கற வீட்டுல அதை மரத்துல கட்டாதீங்க.

சூயட்னு ஒண்ணு விப்பாங்க, மாட்டு சிறுநீரகத்தைச் சுத்தி இருக்கற கெட்டிக் கொழுப்பு, அது கிடைச்சா இன்னும் நல்லது, டௌனி மரங்கொத்தி அதுக்குன்னே வரும். வெயில் ஏறி உருகற நாள்ல அதை எடுத்துடணும், உருகின கொழுப்பு இறகுல ஒட்டினா இறகோட வெதுவெதுப்பு போயிடும். பேக்கன் பொரிச்ச கொழுப்பு வேண்டாம், உப்பும் பதப்படுத்தற பொருளும் அதுல அதிகம். ரொட்டி வயித்தை ரொப்பும், சத்து கிடையாது. தேன் போட்டு உருட்டறதும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். கட்டறதுக்கு நைலான் நூல், மீன்பிடி நரம்பு, வலைப்பை எதுவும் கூடாது, சணல் கயிறுதான், அதுவும் சின்னதா, சுருக்கு தொங்காம கிளையோட இறுக்கிக் கட்டுங்க. எத்தனை கட்டறதுன்னா அஞ்சாறு போதும், தீர்ந்தா புதுசு கட்டுங்க.

உங்க மூணாவது கேள்விக்கு மிச்ச பாதி பதில், பொறுமை. புதுசா ஒரு பொருள் முளைச்சா பறவை உடனே நம்பாது, ரெண்டு வாரம் கூட ஆகும். சீக்கிரம் வரணும்னா சூரியகாந்தி விதையை மரத்தைச் சுத்தி பனி மேல கொஞ்சம் தூவுங்க, வெள்ளைல கறுப்பு விதை மேல இருந்தே பளிச்சுன்னு தெரியும். சிக்கடீதான் முதல்ல வரும், அது தைரியசாலி, குளிர்காலத்துல நட்ஹாட்ச், மரங்கொத்தி எல்லாம் சிக்கடீ கூட்டத்தோடயே சுத்தும், அதனால ஒண்ணு வந்துட்டா மத்தது பின்னாடியே வரும். விடிஞ்ச உடனேயும் இருட்டறதுக்கு முன்னாடியும்தான் நல்லா சாப்பிடும், மத்தியானம் பாத்துட்டு ஒண்ணும் வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு தட்டுல தண்ணி உறையாம வெக்க முடிஞ்சா, ஹீட்டர் வெச்ச பேர்ட்பாத் மாதிரி, தீனிக்கு வராததும் தண்ணிக்கு வரும்.

வர ஆரம்பிச்சதும் எண்ணிக் குறிச்சு வைங்க, இதை நான் எல்லார்கிட்டயும் கேக்கறேன். முன்னாடி காலத்துல அமெரிக்கால கிறிஸ்துமஸ் அன்னிக்கு யாரு அதிகப் பறவையையும் மிருகத்தையும் சுடறாங்கன்னு போட்டி வெப்பாங்க. 1900ல ஃபிராங்க் சாப்மேன்ங்கற பறவையியலாளர், சுட வேண்டாம், எண்ணுவோம்னு கூப்பிட்டார், அந்த டிசம்பர் 25ல ஆரம்பிச்ச கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்னிக்கும் வருஷா வருஷம் டிசம்பர் 14ல இருந்து ஜனவரி 5 வரைக்கும் நடக்குது. அது தவறினா பிப்ரவரில நாலு நாள் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் இருக்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகமும் ஆடுபன்ங்கற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 1998ல தொடங்கினது, உங்க ஜன்னல்ல இருந்து 15 நிமிஷம் பாத்து எண்ணினாலே போதும். அப்ப உங்க மரம் நல்லா ஓடிக்கிட்டிருக்கற சமயம்.

தொந்தரவும் வரும், மறைக்கல. அணில் கண்டிப்பா வரும், மரத்துல கட்டினதை அதுக்கிட்ட இருந்து காப்பாத்த வழியே இல்ல, வேணும்னா மிளகாய் கலந்த சூயட் கட்டி விப்பாங்க, அணிலுக்கு எரியும், பறவைக்கு காரம் தெரியாது, காரத்தை உணர்ற அமைப்பு அதுங்களுக்கு இருந்தாலும் மிளகாய்ல இருக்கற காரப் பொருளுக்கு அது வேலை செய்யறதில்ல. வீட்டுல இருக்கற மிளகாய்த்தூளை நீங்களே தூவாதீங்க, காத்துல பறந்து கண்ணுல படும். சிட்டுக்குருவி கூட்டமா வந்து மத்ததை விரட்டும், 1851ல நியூயார்க் புரூக்ளின்ல கொண்டு வந்து விட்டது, இப்ப கண்டம் பூரா இருக்கு, அது அதிகமானா தினையை நிறுத்திட்டு சாஃப்ளவர் (குசும்பா) விதைக்கு மாறுங்க, கார்டினல் அதை விரும்பும், சிட்டுக்கு அவ்வளவா பிடிக்காது. ஹாக் வந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போனா மனசு கஷ்டமாத்தான் இருக்கும், அதுவும் குளிர்ல பொழைக்கணும், அது தினம் வர ஆரம்பிச்சா ஒரு வாரம் தீனியை நிறுத்துங்க, கலைஞ்சு போயிடும். கரடி நடமாட்டம் இருக்கற பக்கம்னா அது குளிர்த் தூக்கம் முடிஞ்சு எழறதுக்கு முன்னாடி எல்லாத் தீனியையும் எடுத்துடணும், இதுல சமாதானமே கிடையாது.

நோயை மட்டும் எப்பவும் மறக்காதீங்க. 2020-21 குளிர்காலத்துல மேற்குக் கடற்கரைப் பக்கம் பைன் சிஸ்கின் பறவைங்க சால்மொனெல்லாங்கற கிருமியால கூட்டம் கூட்டமா செத்துச்சு, மனுஷங்களுக்கும் தொத்துச்சு, ஃபீடரையே கழட்டுங்கன்னு அரசாங்கம் சொல்ல வேண்டியதாச்சு. ஃபீடரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து கழுவி நல்லா காய வெச்சு மாட்டுங்க. மரத்தைக் கழுவ முடியாது, அதனாலதான் அதுல விதையைக் கொட்ட வேண்டாம், கொஞ்சமா கட்டி பழைய காயை மாத்துங்கன்னு சொல்றேன். ஒரு பறவை இறகை உப்பிக்கிட்டு, தூங்கி வழிஞ்சு, நீங்க கிட்டப் போனாலும் பறக்காம உக்காந்திருந்தா, இல்ல ஃபிஞ்சுக்குக் கண்ணு வீங்கி ஒட்டிக்கிட்டிருந்தா, அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துட்டு ரெண்டு வாரம் காலியா விடுங்க. கூட்டம் கலைஞ்சாத்தான் தொத்து நிக்கும்.

ஃபிர் மரம்னா ஊசி மார்ச் வரைக்கும் ஓரளவு தாங்கும், ஸ்ப்ரூஸ்னா வீட்டுக்குள்ள இருக்கும்போதே கொட்ட ஆரம்பிச்சிருக்கும். ஊசி உதிர்ந்துட்டா அதோட வேலை முடிஞ்சதுன்னு தூக்கிப்போடாதீங்க, தோட்டத்து மூலைல, வீட்டை விட்டுத் தள்ளி, கிளைக்குவியலா மாத்துங்க. அடில தடியான கட்டைங்களை குறுக்கும் நெடுக்குமா இடைவெளி விட்டு அடுக்கி, மேல இந்த மரத்தைக் கவுத்துப் போட்டா போதும், உள்ள பூந்து போக வழி இருக்கணும், அமுக்கி அடைச்சுடக்கூடாது. கரோலினா ரென், சாங் ஸ்பேரோ ரெண்டும் அதுக்குள்ள பூச்சி தேடிக்கிட்டே இருக்கும். கலைக்கணும்னு நினைச்சா மார்ச் முடியறதுக்குள்ள கலைச்சுடுங்க, ஏப்ரல்ல கூடு கட்டிடுச்சுன்னா கை வெக்காதீங்க. முட்டையோ குஞ்சோ இருக்கற கூட்டை அழிக்கறது 1918ல வந்த வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி குத்தம், குஞ்சு பறந்து போற வரைக்கும் காத்திருக்கணும்.

இடமே இல்ல, அபார்ட்மெண்ட்தான்னா ஊர் நிர்வாகம் மரம் சேகரிக்குதான்னு பாருங்க, நிறைய இடத்துல அரைச்சு தோட்டத்துக்குப் போடறாங்க, லூசியானால நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து பேயூ சோவாஜ் சதுப்புநிலத்துல ஹெலிகாப்டர்ல இருந்தே இந்த மரங்களை இறக்கி கரை அரிப்பைத் தடுக்கறாங்க, அங்கயும் கடைசில பறவைக்குத்தான் போகுது. அடுப்புல மட்டும் எரிக்காதீங்க, பிசின் புகைபோக்கில படிஞ்சு தீப்பிடிக்கும். உதிர்ந்த ஊசியை செடிக்கு அடில பரப்பலாம், மண்ணைப் புளிக்க வெச்சுடும்னு சொல்றது பெரும்பாலும் வெறும் பேச்சு, மக்கும்போது அது கிட்டத்தட்ட சமமாயிடும்.

உங்க மரம் ஃபிர்ரா ஸ்ப்ரூஸா, பெரிய ஜன்னல் எந்தத் திசைல இருக்கு, பூனை வருமா, இந்த மூணையும் சொல்லுங்க, எங்க சாய்க்கலாம்னு சேர்ந்து முடிவு பண்ணலாம். அதுக்குள்ள அந்த பாப்கார்ன் மாலையைக் கழட்டிட்டு, பூனை தொந்தரவு இல்லன்னா மரத்தடில ஒரு பிடி தினையும் சுத்தி கொஞ்சம் சூரியகாந்தி விதையும் இன்னிக்கே தூவிடுங்க.